பிடிக்கும் இடம்

ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது,
சக்கரத்துக்குக் காது கேட்கவில்லை.
மூன்றாவது கியரில் முள் மட்டும் மேலே ஓடுகிறது,
வண்டி நத்தை.
பிறகு அந்த வாடை.
ரப்பர் கருகுவது போல என்பார்கள்.
எனக்கு அது
கன்றின் கொம்புக்குருத்தைச் சுடும்போது வருவது.

ராச்சா மலைச்சரிவில் பதினேழு ஊருக்கு
நான் ஒருத்திதான் மாட்டு வைத்தியர்.
வண்டி நீவா. என்னோடு பதினோரு வருடம்.
அதற்குமுன் யாரோடு என்று நான் கேட்டதில்லை.

ஜும்பெர் கியர்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு
சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதினான்:
தட்டுக்கு மட்டும் புது மேலொட்டு, ஆணி அறைந்து தர, எழுபது லாரி.
தட்டு, மூடி, பேரிங் மூன்றும் புதிது, இருநூற்று நாற்பது.
எண்ணெய் கசியும் சீலுக்கு இன்னும் முப்பது,
அதை விட்டால் புதுத் தட்டும் நனையும், மக்வாலா.
நாலாவதாக ஏதோ எழுதி அடித்துவிட்டான்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்:
விற்றுவிடு.

குத்தாயிசியிலிருந்து தம்பி அன்ஸோரும் அதையே சொன்னான்,
அடிக்காமல்.
துறைமுகத்தில் ஜப்பான் வண்டி இறங்கியிருக்கிறதாம்,
தவணை உண்டாம்.
அவன் மூன்று வீடு மாறியவன், இரண்டு கல்யாணம் செய்தவன்.
புதியது எதுவும் அவனைக் கைவிட்டதில்லை,
அதற்கு அவன் நேரம் கொடுத்ததில்லை.

என்னிடம் இருந்தது முந்நூற்றுப் பத்து.
பல்லுக்கு வைத்தது.
குளிர்காலத்தில் பல் வைத்தியர் கேட்டார்:
வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றவா, பிடுங்கவா?
பிடுங்குங்கள் என்றேன், மலிவு என்பதால், யோசிக்காமல்.
இப்போது அந்தக் குழிக்கு நாக்கு
நாளைக்கு நூறுமுறை போய்
யாரும் இல்லையா என்று விசாரித்துவிட்டு வருகிறது.

போன செவ்வாய் இரவு மேலூரிலிருந்து போன்.
கன்று குறுக்கே கிடக்கிறது.
பனி உருகிய சேறு.
தேவாலயத்துக்குக் கீழே உள்ள ஏற்றத்தில்
வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது.
சின்ன நெம்புகோலை இழுத்து, கீழ் வேகத்தில் போட்டேன்.
அந்தச் சுமையை மட்டும் தேய்ந்த தட்டு தாங்கியது.
ஒரு கிழ நாய்
என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து,
காத்திருந்தது.
நாலு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம்.

பசு பிழைத்தது.
கன்றை லமாரா சாக்கால் மூடினாள்,
வெந்நீர் ஊற்றினாள், துண்டை நீட்டினாள்.
நேரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சீக்கிரம் போயிருந்தால்?
தெரியாது.
கிளட்சின் மேல் பழி போடுவது சுலபம்,
அது மறுத்துப் பேசாது.

மறுநாள் இறக்கம் முழுக்கக் கணக்குப் போட்டேன்.
எழுபதில் முடித்தால் பல்லும் வரும்,
இலையுதிர்காலத்தில் இதே வாடையும் வரும்.
தவணையில் போனால் வண்டி புதிது,
பதினேழு ஊரும் வங்கிக்குச் சொந்தம்.

மூன்றும் மாற்று என்றேன். சீலும்.
வண்டி?
வண்டி இதேதான்.
ஜும்பெர் பழைய தட்டைக் கையில் கொடுத்தான்.
ஆணித்தலைகள் பளபளத்தன,
ஓரம் கண்ணாடி போல நீலம் பாய்ந்திருந்தது.
சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சின்னது.
வேண்டுமா என்றான்.
எதைப் பரிமாற?
இரும்புக் குவியலில் போட்டேன்,
அது விழுந்த சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

மிச்சம் நாற்பது லாரி.
சாவி திருப்பினேன்.
பழையது, காலை முழுக்க விட்ட பிறகுதான் பிடிக்கும்.
புதியது தரையருகிலேயே பிடிக்கிறது.
என் இடது காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.
பட்டறை வாசலிலேயே
வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது,
நேற்று ஓட்டப் பழகியவளிடம் போல.

ஜும்பெர் கையைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.
எதிர் ரொட்டிக்கடைப் பையன் வாய்விட்டுச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்,
குழி தெரிய.